மாமியார் சொன்ன கதையும் ஆறு அட்டைகளும்

அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். கணவர் அந்த ஊர் வெள்ளையர். மகனுக்கு 13 வயது. எட்டாம் வகுப்பில் குடும்ப வரலாறு எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். பேரன் கேட்டதும் 79 வயதுப் பாட்டிக்கு, அதாவது வாசகியின் மாமியாருக்கு, மகிழ்ச்சி தாங்கவில்லை. உள்ளறையிலிருந்து சட்டம் போட்ட ஒரு படத்தை எடுத்து வந்து மேசைமேல் வைத்திருக்கிறார். அவருடைய கொள்ளுத்தாத்தா. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) நாட்டிலிருந்து பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் பக்கம், கான்ஃபெடரேட் படையில் இருந்தவர். வீட்டில் எல்லோருக்கும் அவர் 'கேப்டன்'. தானே முன்வந்து படையில் சேர்ந்தார், விர்ஜீனியாவில் குண்டடி பட்டார், வீட்டோடு இருந்த கறுப்பின வேலையாள் ஒருவர் அவரைக் கொண்டுவந்து ஊர் சேர்த்தார், கடைசி நாள் வரை போரிட்டார் என்பது மாமியார் சொன்ன கதை. 'நம்ம வீட்டில் அடிமைகளே கிடையாது, மாநிலத்தைக் காப்பாற்றத்தான் போனார்' என்று ஒவ்வொரு முறையும் முடிப்பாராம்.

பிறகு கணவரின் சித்தப்பா மகன் இணையத்தில் தேடி அந்தக் கொள்ளுத்தாத்தாவின் படைச் சேவைக் குறிப்புகள் கொண்ட ஆறு அட்டைகளை அச்செடுத்து வந்திருக்கிறார். அதில் ஒன்றில் 'ஓடிப்போனவர்' என்று இருந்தது. மாமியார் அன்று இரவு சாப்பிடவில்லை. கணவரோ, 'படத்தைக் குப்பையில் போடு' என்கிறார். மே மாதம் உறவினர்கள் அவருடைய கல்லறையில் கான்ஃபெடரேட் கொடி நட்டுக் கூடுகிறார்கள். பேரனைக் கான்ஃபெடரேட் வீரர்களின் வாரிசுகள் சங்கத்தில் சேர்க்கவேண்டும் என்று மாமியார் கேட்கிறார். பையனின் உயிர்த் தோழன் கறுப்பினச் சிறுவன். 'அம்மா, இவரை என் தாத்தான்னு நான் சொல்லலாமா?' என்று மகன் கேட்டதற்குத் தனக்குப் பதில் வரவில்லை என்று வாசகி முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

பழைய குடும்ப ஆவணங்களைப் படித்துச் சொல்வதே என் தொழில். அந்த 'ஓடிப்போனவர்' என்ற சொல்லைப் பார்த்துக் கண்ணீர் விட்ட முதியவர்கள் என் மேசைக்கு எதிரே பலமுறை உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் உங்கள் மாமியாரின் அழுகையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முதலில் உங்கள் மகனுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சொல்லலாம். தாராளமாகச் சொல்லலாம். முன்னோரை யாரும் பொறுக்கி எடுப்பதில்லை. அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் விடும்போது மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்கிறோம். அவர்கள் நல்லவர்களா என்று விசாரித்துவிட்டா சொல்கிறோம்? ஆனால் அதே மனிதருக்கு நாற்சந்தியில் சிலை வைத்து ஊரையே கும்பிடச் சொல்வது வேறு காரியம். உங்கள் வீட்டில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துபோயிருக்கிறது. மாமியார் முதலாவதைக் கேட்கிறார். கணவர் இரண்டாவதை நினைத்துக் கோபப்படுகிறார்.

அட்டைகளை எப்படிப் படிப்பது

நீங்கள் அனுப்பிய ஆறு அட்டைகளும் போர்க்களத்தில் எழுதியவை அல்ல. 1865 ஏப்ரலில் தெற்கின் தலைநகரான ரிச்மண்ட் விழுந்தபோது பெட்டி பெட்டியாகப் படை ஆவணங்களை வெளியேற்றினார்கள். அவற்றில் ஒரு பகுதியை தெற்குப் படையின் ஜெனரல் சாமுவேல் கூப்பர் எரிக்காமல் வட கரோலினாவின் சார்லட் நகரில் வடக்குப் படையிடம் ஒப்படைத்தார். வாஷிங்டனில் போர்த்துறை எழுத்தர்கள் 1903 முதல் அந்தப் பட்டியல்களைப் பார்த்து, ஒரு குறிப்புக்கு ஓர் அட்டை என்று பெயர்த்து எழுதினார்கள். நாற்பது வருடம் கழித்து, மங்கிய மையைப் பார்த்து, ஊரும் ஆளும் தெரியாதவர்கள் எழுதியது. பெயரில் எழுத்துப் பிழை இருக்கும். ஒரே பெயருள்ள இருவர் கலந்திருப்பார்கள். மூலப் பட்டியலே ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆளை நிறுத்தி எண்ணிய கணக்குத்தான். எண்ணிய நாளில் இல்லாதவர் 'இல்லை'. அவ்வளவே.

இப்போது ஆறையும் தேதி வரிசையில் வையுங்கள். 1862 ஆகஸ்ட்: வயது 22, சிப்பாய், 'கட்டாய ஆள்சேர்ப்பு'. 1863 மே: ரிச்மண்ட் மருத்துவமனை, இடது தொடையில் குண்டுக் காயம், 60 நாள் விடுப்பு. செப்டம்பர்–அக்டோபர்: அனுமதியின்றி வரவில்லை. நவம்பர்–டிசம்பர்: ஓடிப்போனவர். 1864 மார்ச்–ஏப்ரல்: வந்திருக்கிறார். 1865 ஏப்ரலில் பிடிபட்டு மேரிலாந்தின் பாயிண்ட் லுக்அவுட் சிறைமுகாம். ஜூனில் அமெரிக்காவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்து விடுதலை.

சித்தப்பா மகன் நான்காவது அட்டையை மட்டும் படித்துக் காட்டியிருக்கிறார். ஐந்தாவதையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். காயம்பட்டு வீட்டுக்கு வந்தவர் விடுப்பு முடிந்தும் திரும்பவில்லை. மக்காச்சோளம் அறுக்கும் பருவம். அந்த வருடம் ஏப்ரலில்தான் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை அரசு வரியாக எடுக்கும் சட்டம் வந்திருந்தது. மார்ச் மாதம் அதே வட கரோலினாவின் சால்ஸ்பரியில் சிப்பாய்களின் மனைவிமார் கோடாரியோடு போய்க் கடைகளிலிருந்து மாவுப் பீப்பாய்களை எடுத்தார்கள். சிப்பாயின் மாதச் சம்பளம் 11 டாலர்; அதுவும் நாளுக்கு நாள் மதிப்பிழக்கும் காகிதப் பணம். வீட்டில் என்ன நிலை என்று அட்டை சொல்லாது, ஆனால் இந்தப் பின்னணியை மறந்துவிட்டு அந்த ஒரு சொல்லைப் படிக்கக்கூடாது. திரும்பி வருபவர்களுக்கு மன்னிப்பு உண்டு என்று அரசும் அறிவித்துக்கொண்டிருந்த காலம் அது. உங்கள் ஆள் திரும்பியிருக்கிறார்.

ஓடிப்போனதையே நான் கேவலமாக நினைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராண்டால்ஃப் மாவட்டத்தைச் சுற்றி, போரையும் அடிமைமுறையையும் எதிர்த்த கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் வாழ்ந்த பகுதியில், அந்தப் போரே வேண்டாம் என்றவர்கள் ஏராளம். மோஸ் ட்ரிப்லெட் என்ற வட கரோலினாக்காரர் 1863இல் தெற்குப் படையின் மருத்துவமனையிலிருந்து தப்பி, பிறகு வடக்குப் படையில் சேர்ந்தார். அந்த வடக்குச் சேவைக்காக அவருடைய மகள் ஐரீன் ட்ரிப்லெட் மாதம் 73.13 டாலர் ஓய்வூதியம் பெற்றுவந்தார். அவர் இறந்தது 2020இல்! உள்நாட்டுப் போரின் கடைசி ஓய்வூதியம் அதுதான். இந்தக் கதையை மாமியாரிடம் சொல்லுங்கள். அவர் வயதுக்காரர்களுக்குப் பிடிக்கும்.

கேப்டனா, சிப்பாயா

அட்டைப்படி சிப்பாய். 'கேப்டன்' பொய் என்று நினைக்கவேண்டாம். போருக்குப் பின் முதிய வீரர்களை ஊரார் மரியாதைக்குக் கேப்டன் என்றும் கர்னல் என்றும் கூப்பிடுவது அங்கே சகஜம். பேரப்பிள்ளைகள் காலத்தில் அது படைப்பதவி ஆகிவிடும். சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கிக் கரியால் தீட்டிய அந்தக் காலப் படங்களில் சீருடையைப் பிறகு வரைந்து சேர்ப்பதும் உண்டு. சட்டத்தைக் கழற்றிப் படத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

'தானே முன்வந்து' என்பதும் நிற்காது. 1862 ஏப்ரலில் 18 முதல் 35 வயது வெள்ளை ஆண்களுக்குக் கட்டாயச் சேவை வந்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், 20 அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு மேற்பார்வையாக ஒரு வெள்ளையருக்கு விலக்கு தந்தார்கள். ஏழை வீட்டுப் பையன்கள் இதற்காகக் கொதித்தார்கள்.

ஓய்வூதிய மனுவை நீங்கள் வாஷிங்டனுக்கு எழுதிக் கேட்டதாகச் சொன்னீர்கள். அங்கே கிடைக்காது. தெற்கு வீரர்களுக்கு ஓய்வூதியம் தந்தவை மாநிலங்கள்தாம். வட கரோலினாவில் 1885, 1901 சட்டங்களின்கீழ் வந்த மனுக்கள் உங்கள் வீட்டுக்கு அருகிலேயே, ராலேயிலுள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவர் முதுமையில் வேறு மாநிலத்துக்குப் போயிருந்தால் அந்த மாநிலத்தில் தேடவேண்டும். மனுவைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் வையுங்கள். ஓடிப்போனவருக்கு ஓய்வூதியம் கிடையாது. ஆகவே காயத்தோடு கிடந்த ஒரு கிழவர், சாட்சிகளை அழைத்துவந்து, கடைசிவரை விசுவாசமாக இருந்தேன் என்று சத்தியம் செய்யவேண்டியிருந்தது. குடும்பத்தில் வழங்கும் கதை அந்த மனுவின் வாசகத்தையே பின்பற்றுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் மாமியார் தன் பாட்டியிடம் கேட்ட கதையும் அப்படி உருவாகியிருக்கலாம். யாரும் ஏமாற்ற நினைத்துச் சொன்னதல்ல.

'நம்ம வீட்டில் அடிமைகளே கிடையாது'

இங்கேதான் நான் அதிக நேரம் நிற்கவேண்டும், சகோதரி. 1860 அடிமைக் கணக்கெடுப்பில் அவர் பெயர் இல்லை, ஆகவே மாமியார் சொல்வது சரி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது அவருக்கு 20 வயது. அப்பா வீட்டில் இருந்தவர். அவர் பெயர் எப்படி இருக்கும்? அப்பாவின் பெயரில் தேடுங்கள், தாத்தாவின் பெயரில் தேடுங்கள், பிறகு அவர் மணந்த பெண்ணின் அப்பாவின் பெயரிலும் தேடுங்கள். சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாதவர்கள் வருடக் கூலிக்கு இன்னொருவரின் அடிமையை எடுப்பதும் உண்டு. அது கணக்கெடுப்பில் சுலபமாகத் தெரியாது. அன்று வட கரோலினாவில் ஏறத்தாழ 9,92,000 பேர். அவர்களில் 3,31,000 பேர் அடிமைகள். மூன்றில் ஒருவர்.

இதைவிடப் பெரிய சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மாமியார் அடிமைகளே கிடையாது என்கிறார். அதே மூச்சில், வீட்டோடு இருந்த கறுப்பினத்தவர் ஒருவர் கொண்டுவந்து சேர்த்தார் என்கிறார். 1863இல் ஒரு வெள்ளைப் பண்ணை வீட்டோடு இருந்த அந்த மனிதர் யார்? சுதந்திரமான கறுப்பினத்தவர் சிலர் அந்த மாநிலத்தில் இருந்தார்கள்தான். ஆனாலும் விர்ஜீனியாவரை போய் ஒரு சிப்பாயை அழைத்துவந்தவர் அடிமையாக இருந்திருக்கவே வாய்ப்பு மிக அதிகம். மறுத்துச் சொல்ல உரிமை இல்லாதவர் செய்ததை 'விசுவாசம்' என்று எழுதக்கூடாது. அவருக்கு அந்தக் காயப்பட்ட இளைஞன்மேல் இரக்கமும் இருந்திருக்கலாம்; நாம் அதை அறிய முடியாது. இணையத்தில் இத்தகைய வேலையாட்களைக் 'கறுப்பினக் கான்ஃபெடரேட் வீரர்கள்' என்று எழுதுவார்கள். நம்பாதீர்கள். கறுப்பினத்தவரைச் சிப்பாயாகச் சேர்க்க அந்த அரசு சட்டம் போட்டதே 1865 மார்ச் 13இல், தோற்பதற்குச் சில வாரங்கள் முன்பு.

ஒரு விஷயம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மனிதரின் முதல் பெயர் மாமியாருக்குத் தெரியும் என்று நீங்கள் அடைப்புக்குறிக்குள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது எவ்வளவு பெரிய செல்வம் தெரியுமா? 1860 கணக்கெடுப்புத் தாளில் அடிமைகளுக்குப் பெயர் கிடையாது. உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். எத்தனை குடில்கள் என்றுகூட எண்ணினார்கள், பெயரை எழுதவில்லை. சொத்துப் பங்கீட்டுப் பத்திரங்களில் பெயர் வரும். இறகு மெத்தை, கலப்பை, சிவப்புக் குதிரை என்று விலையோடு போகும் பட்டியலில், அடுத்த வரியில் ஒரு முதல் பெயரும் அதற்கெதிரே சில நூறு டாலரும் இருக்கும். முதல் தடவை அதைப் படித்த நாளில் என்னால் வேறு வேலை செய்ய முடியவில்லை.

உங்கள் சிப்பாயின் சந்ததியார் ஆறு அட்டைகளை ஒரு மாலையில் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த மனிதரின் சந்ததியார் இன்று அதே மாவட்டத்தில் எங்கோ இருந்து தேடிக்கொண்டிருக்கலாம். 1870 கணக்கெடுப்புக்கு முன்னால் அவர்களுக்குச் சுவர். அந்தச் சுவரில் ஒரு கல்லை உங்கள் மாமியாரால் எடுக்க முடியும். அந்த முதல் பெயரை வைத்துக்கொண்டு சிப்பாயின் தந்தையின் உயில், சொத்துப் பங்கீட்டுக் கோப்பைப் பாருங்கள். 1866இல் வட கரோலினா, அடிமைகளாக இருந்த தம்பதியரைத் தங்கள் மணத்தை மாவட்டத்தில் பதியச் சொன்னது; அந்தப் பதிவேட்டில் இருவர் பெயரும் எத்தனை வருடமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதும் இருக்கும். விடுதலை பெற்றவர்களுக்கான ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் கூலி ஒப்பந்தங்களும் உண்டு. பிறகு 1870 கணக்கெடுப்பில் அதே ஊர்ப் பக்கங்களை வீடு வீடாகப் படியுங்கள். கிடைக்காமலும் போகலாம். கிடைத்தால் அந்த மாவட்டக் குடும்ப வரலாற்றுச் சங்கத்திடம் ஒரு நகல் கொடுங்கள்.

நீங்கள் எழுதிய இன்னொரு வரியையும் விடக்கூடாது. 'நல்லவேளை, நம்ம பக்கம் இந்தப் பாவமெல்லாம் இல்லை' என்கிறீர்கள். நிலத்தோடு ஆளையும் விற்ற அடிமை ஓலைகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்ற சட்டம் இந்தியாவில் வந்தது 1843இல். ஆளை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1862இல், இந்தச் சிப்பாயைப் படைக்குப் பிடித்த அதே வருடம். உங்கள் குடும்பத்தில் அப்படி இருந்தது என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், அவ்வளவுதான். மகன் இரண்டு வீட்டுக்கும் பேரன்.

மாநிலத்துக்காகவா, அடிமைமுறைக்காகவா

மாமியார் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. 1861 பிப்ரவரியில் பிரிவினை மாநாடே வேண்டாம் என்று வட கரோலினா வாக்களித்தது. லிங்கன் படை திரட்டச் சொன்ன பிறகுதான், மே 20இல், பிரிந்தது. ஆனால் அது போய்ச் சேர்ந்த அரசு எது? கறுப்பின அடிமைகள்மேல் உள்ள சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் இயற்றக்கூடாது என்று தன் அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்ட அரசு. அதன் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் சவானாவில், கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமல்ல என்பதே இந்த அரசின் மூலைக்கல் என்று பேசினார். ஒரு 22 வயதுச் சிப்பாய் பயத்தில் போயிருக்கலாம், சட்டம் இழுத்ததால் போயிருக்கலாம். அவர் மனத்தில் இருந்தது ஒன்று. அவர் துப்பாக்கி காத்தது மற்றொன்று. மகனுக்கு இரண்டையும் சொல்லுங்கள், அவனுக்குப் புரியும் வயதுதான்.

மே மாதக் கூட்டமும் கொடியும்

மே 10 வட கரோலினாவில் கான்ஃபெடரேட் நினைவு நாள். சங்கத்தில் சேர்ப்பது பெற்றோராகிய உங்கள் இருவரின் முடிவு; நான் உங்கள் இடத்தில் இருந்தால் சேர்க்கமாட்டேன். 1894இல் தொடங்கிய கான்ஃபெடரேட் மகளிர் சங்கமும் 1896இல் தொடங்கிய மகன்கள் சங்கமும் கல்லறைகளைப் பேணின. கூடவே போருக்குக் காரணம் அடிமைமுறை அல்ல என்ற பாடத்தையும் பரப்பின. சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் 1913இல் கான்ஃபெடரேட் சிப்பாய் சிலை திறந்தபோது பேசிய, தெற்குப் படையில் இருந்த தொழிலதிபர் ஜூலியன் கார், போர் முடிந்து வந்ததும் ஒரு கறுப்பினப் பெண்ணைத் தெருவில் சவுக்கால் அடித்ததைப் பெருமையாகச் சொன்னார். 2018 ஆகஸ்டில் போராட்டக்காரர்கள் அந்தச் சிலையைச் சாய்த்தார்கள். மகனின் தோழன் வீட்டில் அந்தக் கொடி எப்படித் தெரியும் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

1958 சட்டப்படி இவர்கள் அமெரிக்க வீரர்களேதான் என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். அந்தச் சட்டம், அப்போது எஞ்சியிருந்த தெற்கு வீரர்களுக்கும் அவர்களின் முதிய விதவைகளுக்கும் ஓய்வூதியம் தந்தது. அதைத் தாண்டிய அர்த்தம் அதற்கு இல்லை.

ஆனால் மாமியாரைத் தனியாக விடாதீர்கள். கூட்டத்துக்கு முந்தின வாரம் நீங்கள், கணவர், மகன் மூவரும் அவரைக் கல்லறைக்கு அழைத்துப் போங்கள். களை பிடுங்குங்கள், பூ வையுங்கள், கொடி வேண்டாம். கணவர் படத்தைக் குப்பையில் போட்டால் அட்டைகள் சொல்வதும் சேர்ந்து போய்விடும், அந்த வேலையாளின் பெயரும் போய்விடும் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். கோபப்படுகிற ஆண்கள் பலர் உள்ளுக்குள் அவமானத்தில் இருப்பார்கள்.

பள்ளிக் கட்டுரைக்கு நான் ஒரே ஒரு யோசனைதான் சொல்வேன். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரிக்கட்டும். இடப்பக்கம் பாட்டி சொன்னது, அவர் வார்த்தையிலேயே. வலப்பக்கம் தாள்கள் சொல்வது, தேதியோடு. இரண்டும் ஒத்துப்போகிற இடமும் இருக்கும்: குண்டுக் காயம் நிஜம்! அதை மாமியாரிடம் முதலில் காட்டுங்கள். வலப்பக்கத்தில் காலியாக இருக்கும் இடங்களை மகன் நிரப்பவேண்டாம், காலியாகவே விடட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள். 79 வயது, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, படத்தை அவர் மடியில் வையுங்கள். அட்டைகளை வெளியே எடுக்கவேண்டாம். கேப்டனைப் பற்றி அவர் பேசட்டும், குறுக்கே பேசாதீர்கள். பேசி ஓய்ந்ததும், அழைத்துவந்த அந்த மனிதரின் பெயரைக் கேளுங்கள். ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்லி மகன் தன் கையால் எழுதிக்கொள்ளட்டும். அந்த மனிதருக்கு மனைவி, பிள்ளைகள் இருந்ததாக மாமியாருடைய பாட்டி ஏதாவது சொல்லக் கேட்டதுண்டா என்றும் கேட்கச் சொல்லுங்கள்.